பெர்மிட்டுக்கு முந்திக்கொண்ட நிலைவாசல்

வீட்டுப் பிளான் வரையிற தொழில்ல ஒண்ணு நல்லாத் தெரிஞ்சுபோகும்: நம்ம ஜனங்க டைல்ஸ் கடையில ரெண்டு மணி நேரம் நிப்பாங்க, பெர்மிட் கட்டணத்தைச் சொல்ல ஆரம்பிச்சா மட்டும் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடுவாங்க. ஈப்போ புந்தோங்கில ஒரு கடைவீட்டு மாடியில இருபத்திரண்டு வருசமா நான் இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு இருக்கேன். நகராட்சி ஆபீசுக்கு, அதான் நம்ம மஜ்லிசுக்கு, நடந்தே செருப்பு தேஞ்சுபோச்சு. வீட்டை இழுத்துக் கட்டி மாட்டினவங்க, கட்டாமலே மாட்டினவங்க எல்லாரும் பக்கத்துல வந்து உட்காருங்க. செமோர் மாரியப்பன் அண்ணன் ஒரு ரூம் கட்டின கதையைச் சொல்றேன்.

கோட்டுக்கு விலை

மாரியப்பன் அண்ணன் சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பிறந்தவர், இப்ப செமோர்ல செக்யூரிட்டி வேலை. சம்சாரம் லெட்சுமி அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிசுக்கு மோட்டார்ல கூட்டிட்டுப் போவார். திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்குத் தலை நிக்காது, துண்டால தன் இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிட்டு ஓட்டுவார். வீட்டிலேயே வயித்துல தண்ணி ஏத்தி இறக்குற முறை இருக்கு, அதுக்குத் தனி ரூம் வேணும், சுத்தமா இருக்கணும், நர்ஸ் வந்து பார்த்துச் சரின்னு சொல்லணும்னு டாக்டர் சொல்லிட்டார். இவங்க வீட்டுல ரெண்டு ரூம், ஆறு தலை. அதனால பின்னாடி ஒரு ரூம் இறக்கணும்.

செலவைப் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னேன். மஜ்லிசுக்குக் கட்டுற பிளான் கட்டணம் எத்தனை அடி கட்டுறோமோ அதைப் பொறுத்தது. வரைஞ்சு, கையெழுத்துப் போட்டு, பொறுப்பேத்துக்கிறதுக்கு எங்க கூலி. ரோட்டுல மணலும் கல்லும் கொட்டி நாசம் பண்ணாம இருக்க ஒரு முன்பணம், வேலை முடிஞ்சு இடம் சுத்தமா இருந்தா அது திரும்ப வந்துடும். பெர்மிட் இல்லாம கட்டினா அபராதம், அது இந்தச் செலவு எல்லாத்தையும் முழுங்கிடும். அண்ணன் தலையத் தலைய ஆட்டினார். எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு நானும் சந்தோசப்பட்டேன். எழுந்திருக்கும்போது கேட்டார்:

"தோட்டத்துல லயத்து வீட்டுக்குப் பின்னாடி குசினி இறக்கணும்னா ஆபீஸ் கிராணிக்கு ஒரு கோழி, அவ்வளவுதான் தங்கச்சி. இங்க கோழி வாங்குறது எந்த கவுண்டர்லா?"

பெருநாள் லீவு

அண்ணனுக்கு ஒரு மச்சான், குமார்னு பேரு, குத்தகைக்காரன். பெர்மிட்டுன்ற வார்த்தையே அவனுக்கு ஆகாது. நோன்புப் பெருநாளுக்கு ஆபீசருங்க எல்லாம் சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போயிருவாங்க, அந்த ஒரு வாரத்துல சுவர் எழுப்பி, ஜிங்க் தகட்டுக் கூரை போட்டு, பழைய பெயிண்டையே அடிச்சுட்டா ரூம் அங்க பிறந்ததுல இருந்தே இருக்குன்னு சொல்லிரலாம், இதுதான் அவன் யோசனை. அண்ணனும் மயங்கிட்டார். மோட்டார்ல சம்சாரத்தைக் கட்டிக்கிட்டு ஓட்டுறவருக்கு எந்தக் குறுக்கு வழியும் நல்ல வழியாத்தான் தெரியும், அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

குமாரைத்தான் பிடிச்சேன். போன வருசம் இப்படித்தான் ஒருத்தருக்கு லீவுல அடுப்படி கட்டிக் குடுத்தான். லீவு முடிஞ்சு வந்த ஆபீசர் பழைய பிளானைத் திறந்து பார்த்தார், அடுப்படியைக் காணோம். அபராதமும் கட்டி, கட்டினதை இடிக்கிறதுக்குக் கூலியும் குடுத்து, அந்த மனுசன் இன்னிக்கும் வெளியில அடுப்பு வச்சுத்தான் சமைக்கிறார். ஏன்டா, உனக்கு மனசாட்சி இருக்கான்னு கேட்டேன். அவன் அசரவே இல்ல:

"அது என் தப்பு இல்லக்கா, அந்த வருசம் லீவு பத்தல."

பாய் போட்ட கையெழுத்து

ஒருவழியா முறைப்படி போறதுன்னு முடிவாச்சு. அடுத்து பக்கத்து வீட்டுச் சம்மதம். இந்தப் பக்கம் இருந்த சீனக் கிழவர் கண்ணாடிகூடப் போடாம கையெழுத்துப் போட்டார், தீபாவளிக்கு முறுக்கு மறக்காதேன்னு மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் காதர் பாய், சாப்பாட்டுக் கடை வச்சிருக்கார். தங்கமான மனுசன், ஆனா ஃபாரத்தை நீட்டினா அன்னிக்குப் பேனா இருக்காது, மறுநாள் பேனா குடுத்தா கை வலிக்கும்.

மூணாவது தடவை போனப்போதான் எனக்கு விசயம் விளங்குச்சு. அவர் வீட்டுப் பின்னால ஒரு ஜிங்க் கொட்டகை கால்வாய் வரைக்கும் நீண்டுபோய்க் கிடக்கு. அதுக்கு பெர்மிட்டும் இல்ல, பிளானும் இல்ல. அண்ணன் ரூமைப் பார்க்க வர்ற ஆபீசர் கண்ணு இங்கேயும் விழுந்துருமோன்னு பயம். ஆபீசர் கையில இருக்கிற ஃபைலைத்தான் பார்ப்பார் பாய், லெட்சுமி அக்கா நிலைமையை நினைச்சுப் பாருங்கன்னு சொன்னேன். அக்கா பேரைக் கேட்டதும் பேனா கிடைச்சிருச்சு. போட்டுட்டுச் சொன்னார்:

"அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்மா. ஆனா ஆபீசர் கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்ப விடாதே."

சுவரில்லாத வாசல்

பிளானைக் குடுத்தாச்சு, பெர்மிட் வரல. அதுக்குள்ள ஐயர் நாள் குறிச்சுட்டார். வர்ற புதனை விட்டா ஆடி பிறந்துரும், ஒரு மாசத்துக்கு நிலை வைக்க முடியாதாம். பொறுங்கண்ணேன்னு போன்ல தொண்டை கிழியச் சொன்னேன். யாரு கேட்டா? புதன்கிழமை காலையில வெட்டவெளியில, சுவர் இல்ல, கூரை இல்ல, மஞ்சள் பூசி மாவிலை கட்டி நிலை மட்டும் ஜம்முனு நிக்குது. அளவு எப்படி எடுத்தாராம்? அக்கா படுக்கிற கட்டிலைத் தூக்கிட்டுப் போய் வெளியில போட்டு, சுத்தி நடக்க இடம் விட்டு, அங்க நட்டுட்டார். நான் மாடியில உட்கார்ந்து மில்லிமீட்டர்ல வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்.

மறுநாளே ஆபீசர் இடத்தைப் பார்க்க வந்துட்டார், நல்ல மலாய்க்கார மனுசர். நிலைக்குள்ள ஒரு தடவை போனார், வெளிய ஒரு தடவை வந்தார். சுவரே இல்லாத வாசலுக்கு என்ன பெர்மிட்டுன்னு குமார் வாதம் பண்ணினான். ஆபீசர் டேப்பை நீட்டினார். கால்வாய்க்கு விட வேண்டிய இடத்துல நிலை ரெண்டு அடி உள்ள போய் நிக்குது. அதை எடுத்தாத்தான் ஃபைல் நகரும்னு சொல்லிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல, அண்ணனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்:

"அவளுக்காகப் பூசை போட்டு வச்சது தங்கச்சி. இதைச் சாய்ச்சா அவளைச் சாய்ச்ச மாதிரி."

நாலு பேர்

நிலையை எடுக்கலேன்னா பெர்மிட் இல்ல, ரூம் இல்ல, மறுபடியும் அந்தத் துண்டும் மோட்டாரும்தான். அங்கேயே ஐயருக்குப் போன் போட்டேன். சாய்க்காம, நின்ன வாக்குல நகர்த்தினா தோசம் உண்டான்னு கேட்டேன். வச்சது வச்சதுதான், நகர்த்தினா அது புதுசா வச்ச கணக்கு இல்ல, தோசம் இல்லன்னார். ஆபீசரைக் கேட்டேன். கோட்டுக்குள்ள வந்தாச் சரி, எப்படி வருதுன்றது உங்க பாடுன்னு அவரும் விட்டுட்டார்.

அடிச் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். அண்ணன், அவர் மகன், குமார், காதர் பாய், நாலு பேரும் ஆளுக்கொரு கை குடுத்து, கற்பூரம் முன்னால எரிய, சாமியைத் தூக்குற மாதிரி நிலையை நிமிர்த்தித் தூக்கினாங்க. ஆபீசர் முட்டி போட்டு டேப்பைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னார். காதர் பாய் அவ்வளவு பாரத்துலயும் தன் கொட்டகை மறையுற மாதிரியே நின்னார். லெட்சுமி அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் பெர்மிட் வந்துச்சு, ரூம் எழும்புச்சு, நர்சும் வந்து பார்த்துத் தலையாட்டிட்டாங்க. போன வாரம் போயிருந்தேன். அந்தத் துண்டு இப்ப கொடியில காயுது. அக்கா தண்ணிப் பையைக் கொக்கியில மாட்டிட்டு, நிலையைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க:

"நாலு பேரு தூக்க வேண்டியது என்னையத்தான்லா, தங்கச்சி. எனக்குப் பதிலா அது போயிட்டு வந்துருச்சு."

பெர்மிட்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்னு கேட்டு வர்றவங்களுக்கு இப்பல்லாம் நான் சொல்றது இதுதான்: மஜ்லிஸ் கட்டணம் கவுண்டர்லயே தெரிஞ்சிரும், ஆடிக்கு முந்தி அவசரப்பட்டா நாலு ஆள் தோள்வலிக்குத் தைலம் தனி.