ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வரிசை பின்னால்

வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் கெமிக்கல் கம்பெனிகள் நெருங்கும்போது ஒரு வாடை ஜன்னல் வழியாக ஏறும். பஸ்ஸில் இருக்கும் பெண்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். போன வாரம் பக்கத்துச் சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "என்னாம்மா, சளி புடிச்சிருக்கா? இந்த நாத்தத்துல கம்முனு ஒக்காந்திருக்க?" என்று கேட்டார். சளியெல்லாம் இல்லை. அந்த வாடை வந்தால் எனக்கு உள்ளங்கால் பரபரக்கும், எழுந்து ஓடலாம்போல இருக்கும். இதை அந்த அம்மாவிடம் எங்கே போய்ச் சொல்வது? "ஆமாங்க, சளிதான்" என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். கடலூர் முதுநகரில், எங்கள் பேச்சில் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன், ஒரு மைதானத்தில் நாங்கள் பெண்கள் டீம் வைத்து ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தோம். தெற்கே இருந்து காற்றடித்தால் இதே வாடை அங்கே வந்துவிடும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சாரும் அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில்தான் ஷிப்டு பார்த்தார். அவருக்குக் காலை ஷிப்டு என்றால் எங்களுக்குச் சாயங்காலம் பிராக்டிஸ். மதிய ஷிப்டு என்றால் விடிகாலையில். நைட் ஷிப்டு வாரத்தில் மட்டும் அவர் கோல் போஸ்ட்டில் சாய்ந்தபடி தூங்குவார், நாங்கள் பாட்டுக்கு ஆடுவோம். அந்த வாரங்களில்தான் நன்றாக ஆடினோம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஃபார்வர்டு. நம்ப மாட்டீர்கள். இப்போது மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று போன் பார்ப்பதுபோல் பாசாங்கு பண்ணும் இதே நான்தான். இடது பக்கம் நான், நடுவில் ஸ்டெல்லா. ஸ்டெல்லா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளாஸ். கோல் போடுவதற்கென்றே பிறந்தவள். எனக்குப் பந்து வருவதற்கு முன்பே அவள் ஓட ஆரம்பித்திருப்பாள். நான் தலையைத் தூக்கிப் பார்க்காமலே தட்டிவிடுவேன், அவள் அங்கே இருப்பாள். கோல் விழுந்ததும் திரும்பி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். அவள் தலையிலிருந்து தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்து ஒரு வாசனை வரும். மற்றவர்கள் எங்கள் மேல் வந்து விழுவார்கள். கீழே கிடந்து மூச்சு முட்டச் சிரிப்போம். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் நான் ஃபுட்பால் ஆடினேன். கப்பு, சர்டிபிகேட் எல்லாம் வீட்டாரைச் சமாளிப்பதற்கு.

டிவியில் பெரிய மேட்ச்கள் பார்க்கும்போது சொல்வார்கள், இவர் ஒரு காலத்தில் ஃபார்வர்டு, வேகம் குறைந்ததும் பின்னால் நின்று காக்கும் பேக்காக இறங்கிவிட்டார், இன்னொருவர் பேக்காக இருந்தவர், கோல் போடும் கால் இருக்கிறது என்று கண்டுபிடித்து மேலே ஏற்றினார்கள் என்றெல்லாம். அதற்கெல்லாம் மூளையுள்ள கோச் வேண்டும். எங்கள் டீமில் ஆள் இடம் மாறுவதற்குக் கல்யாணப் பத்திரிகை போதும்.

முதல் பத்திரிகை வளர்மதியுடையது. மைதானத்தின் நடுவில், ஹாஃப் லைனில் ஆடிக்கொண்டிருந்தவள். மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டியதும் சார் மாப்பிள்ளை பெயரைக்கூடப் பார்க்கவில்லை, நேரே தேதிக்குப் போனார். "நாள் பாக்கறவங்க மேட்ச் என்னிக்கின்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதாம்மா?" என்று அவளிடம் உண்மையிலேயே கோபித்துக்கொண்டார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் நின்றது.

"நீ எறங்கு. ஒயரமா இருக்க, ஜாஸ்தியா கத்தற. ரெண்டே ரெண்டு மேட்ச்தான், அதுக்குள்ள ஆள் ரெடி பண்ணிடறேன்."

ஆள் ரெடி ஆகவில்லை. அடுத்த வருஷம் ரேவதிக்குக் கல்யாணம். அவள் ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கிற பேக். சார் மறுபடி என்னைப் பார்த்தார். "ரெண்டே மேட்ச்தான்" என்று மறுபடியும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேக்காக என் முதல் மேட்ச்சை இன்றைக்கும் யாராவது பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். பந்து காலுக்கு வந்ததும் பழைய ஞாபகத்தில் அதை எடுத்துக்கொண்டு எதிராளி கோல்வரை ஓடிவிட்டேன். ஸ்டெல்லா பக்கத்தில் ஓடிவருகிறாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தைப் பறித்து ஒரே உதையில் அந்தப் பக்கம் அனுப்பினார்கள், அங்கே காக்க ஆளே இல்லை. சார் கோட்டுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "எம்மா! வூட்டத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போயிட்டியேம்மா!"

பிறகு கற்றுக்கொண்டேன். நன்றாகவே ஆடினேன் என்றும் சொல்வார்கள். ஆனால் பேக்காக நிற்பவளுக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். ஜெர்சி நம்பரை வைத்துத்தான் யார் எங்கே என்று பார்ப்பேன். நம் ஆள் கோல் போட்டால் மொத்தக் கூட்டமும் அந்தக் கோடியில் குவியும். முதலில் சில மேட்ச்களில் நானும் ஓடிப் பார்த்தேன். போய்ச் சேருவதற்குள் எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். அப்புறம் ஓடுவதை விட்டுவிட்டேன். நின்ற இடத்திலேயே கை தட்டுவேன். வெற்று மைதானத்தில் ஒரு ஆள் தனியாகக் கை தட்டும் சத்தம் அவ்வளவு நன்றாக இருக்காது. ஸ்டெல்லா அங்கிருந்து எனக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான்.

கல்யாணங்களுக்கு டீமாகப் போவோம். அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். பட்டுப் பாவாடை தாவணியில் வரிசையாக மேடை ஏறுவோம். எல்லோர் காலிலும் சாக்ஸ் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்தக் கால்களைத்தான் பார்ப்பார்கள். கீழே இறங்கியதும் சாப்பாட்டுப் பந்தியிலேயே சார் அடுத்த மேட்ச்சுக்கு யார் எங்கே என்று ஆரம்பித்துவிடுவார். என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. எனக்கு மட்டும் பத்திரிகை அடிக்கப்படவேயில்லை. போனவர்கள் இடத்தில் புதுப் புதுச் சின்னப் பெண்கள் வந்தார்கள், என்னை அக்கா என்றார்கள்.

ஸ்டெல்லாவின் முறையும் வந்தது. பிராக்டிஸ் முடிந்து பூட்ஸ் கழற்றும்போது குனிந்தபடியே சொன்னாள்.

"தேதி வெச்சிட்டாங்கடி."

"சிதம்பரம் டோர்னமென்ட் ஆடுவ இல்ல?"

"அது ஆடிடுவேன். அதான் கடைசி. அவுங்க வூட்ல ஃபுட்பால் மேட்டரே தெரியாது. பள்ளிக்கூடத்துல டிரில் பண்ணுவான்னு மட்டும் எங்கம்மா சொல்லி வெச்சிருக்கு. கப்பெல்லாம் மூட்ட கட்டி பரண்ல போட்டாச்சி."

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். கடைசியாக ஒருமுறை முன்னால், அவள் பக்கத்தில் ஆட வேண்டும். அவள் கோல் போட வேண்டும், நான் அந்தக் கூட்டத்துக்கு அடியில் கிடக்க வேண்டும். வெட்கத்தை விட்டு சாரிடம் கேட்டேன். "ஒரே ஒரு மேட்ச் சார், என்ன முன்னாடி வுடுங்க." யார் பக்கத்தில் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். "பின்னாடி யாரு நிப்பா? ஒங்கப்பனா?" என்றார்.

சிதம்பரம் ஃபைனலில் முதல் பாதியிலேயே இரண்டு கோல் ஸ்டெல்லா. இரண்டாவது கோலுக்குப் பந்து என்னுடையது. பின்னாலிருந்து நான் ஓங்கி உதைத்த பந்து மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போயிற்று, அவள் இரண்டு பேருக்கு நடுவில் எம்பி நெற்றியால் இடித்தாள். கீப்பர் நகரவேயில்லை. நான் நின்ற இடத்தில் கை தட்டினேன்.

இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா சாரிடம் போனாள். "சார், நாந்தான் ரெண்டு போட்டுட்டேனே. அவ முன்னாடி ஆடணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவ எடத்துல நான் பின்னாடி நிக்கறேன்." சார் யோசித்தார், சரி என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவ்வளவு பெரிய பரிசு கொடுத்த முகம். அடிப் பாவி, நீ பின்னாடி போய்விட்டால் எனக்கு முன்னாடி என்ன வேலை? வாய் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முன்னால் போய் நின்றேன். கால்கள் பழக்க தோஷத்தில் பின்னாலேயே இழுத்தன. சார் "ஏறு, ஏறு" என்று கத்திக்கொண்டேயிருந்தார். ஆட்டம் முடியப் போகும் நேரம், ஒரு பந்து யார் யார் காலிலோ பட்டு வந்து என் முழங்காலில் மோதி உள்ளே போய்விட்டது. கோல். நான் உதைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். புதுப் பெண்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் ஒரு எட்டு தள்ளியே நின்றுவிட்டார்கள். "சூப்பர்க்கா" என்று கை நீட்டினார்கள். அக்காமேல் எப்படி விழுவது? மரியாதையாகக் கை குலுக்கினார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஸ்டெல்லா தனியாகக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளை நோக்கி ஓடினேன். நடுக்கோடு தாண்டுவதற்குள் ரெஃப்ரி விசிலடித்து ஆட்டத்துக்கு வரச் சொன்னார். அவளும் போ போ என்று கை காட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சின்னப் பெண்கள் கப்பை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அங்க நின்னா எவ்ளோ தூரமா இருக்குதுடி" என்றாள் திடீரென்று. "இத்தன வருசமா நீ அங்கியா நின்னுக்கிட்டிருந்த?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு டீம் அதிக நாள் ஓடவில்லை. சார் வேலையை முடித்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார். மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. அப்பாவும் போன பிறகு நான் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் சிதம்பரம் மேலவீதியில், ஒரு செருப்புக் கடை வாசலில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். உடம்பு போட்டிருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், அவள் கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் ஸ்டெல்லாவின் முகம் அப்படியே பழைய முகமாகிவிட்டது. "யாரு?" என்றார் அவர்.

"என்கூடப் படிச்சவங்க. பெரிய ஃபுட்பால் ப்ளேயர் தெரியுமா? ஃபார்வர்டு! இதே சிதம்பரத்துல ஒரு ஃபைனல். பின்னாடியிலேருந்து ஒரு பந்து வருது, ரெண்டு பேரு நடுவுல எம்பி நெத்தியால ஒரு இடி. கீப்பர் அப்டியே நிக்கறா. பந்து வலைய கிழிச்சிட்டுப் போவுது!" சொல்லச் சொல்ல அவள் குதிகால் தரையிலிருந்து எழும்பிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கோலைச் சொல்ல அவளுக்கு இப்போது என் பெயர் தேவைப்பட்டது.

"நீயும் ஆடுவியா?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார் அவர்.

"நானா? ஆளு கொறஞ்சா கூப்புடுவாங்க. பின்னாடி சும்மா நிப்பேன்."

குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தது. "நெஜமாவா ஆன்ட்டி? தலையாலயா?"

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். கூட்டத்துக்குள் மறையும்வரை அந்தக் குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அது பார்க்க வேண்டியது தன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவளை.