திருத்த வேண்டாம் என்றொரு சீட்டு

பல் கட்டும் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தால் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும். யாரைப் பார்த்தாலும் கண் நேராக வாய்க்குத்தான் போகும். பேருந்தில் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவரின் கடைவாய்ப் பற்களை அவள் எண்ணிவிடுவாள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, அழுகிறவர்களின் மேல்வரிசையைப் பார்த்து, 'இது நம்ம கூடத்து வேலை இல்லை, லேசாகத் துருத்துகிறது' என்று மனசுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு வெட்கப்படுவாள்.

மாலை நேரச் சிற்ப வகுப்பில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். வகுப்பில் பதினான்கு பேர். அவளைத் தவிர எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஆசிரியைக்கே இருபத்தெட்டுதான். டயர்க்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வகுப்பு. வாரத்தில் மூன்று மாலை, கூடத்து மேல்சட்டையோடு அப்படியே படியேறுவாள்.

அங்கே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அண்ணன். கூடத்தில் பல் அச்சு வார்த்து மிஞ்சிய பிளாஸ்டரில் ஒரு நாள் அவள் தூங்கும் பூனை ஒன்றைச் செதுக்கிக் கொண்டுவந்தாள். பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கிற அண்ணன், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், அந்தப் பூனையைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்து, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினார். எரிவாயு உருளை கொண்டுவந்தவரையும் விடவில்லை. "தொட்டுப் பாருங்க, காது எவ்வளவு மெலிசு பாருங்க" என்று பாவம் அந்த மனிதரை உருளையோடு நிற்க வைத்தார். மறுவாரம் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றார், எல்லாக் கட்டத்தையும் பென்சிலால் நிரப்பி.

மாலை வகுப்பிலிருந்து வருடத்துக்கு ஒருவரைப் பகல் கல்லூரியில் எடுப்பார்கள். மூன்று வருடப் படிப்பு, ஒரே ஓர் இடம். நாற்பது வயது தாண்டினால் அதுவும் இல்லை. "உனக்கு முப்பத்தொன்பது வருஷம், ஒன்பது மாசம், நாலு நாள்" என்று அண்ணன் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதாவது இந்த முறை இல்லையென்றால் எந்த முறையும் இல்லை. கூடத்து முதலாளி, இடம் கிடைத்தால் மாலையில் வந்து வேலை பார்க்கச் சம்மதித்திருந்தார். இனி கிடைக்க வேண்டியதுதான் பாக்கி.

தேர்வுக்குக் கொடுத்த வேலை, 'இதுதான் நான்'. அவரவர் தலையை அவரவரே ஆள் அளவுக்குக் களிமண்ணில் வனைய வேண்டும். "அழகா வேண்டாம். இங்க வந்தப்ப இருந்த நீங்க வேற, இப்ப இருக்கிற நீங்க வேற. அந்த மாறின ஆள் எனக்கு வேணும்" என்றாள் ஆசிரியை. ஒருவன் தன் தலையில் ஜன்னல் வைத்தான். இன்னொருத்தி தன் முகத்தைப் பாதி உரித்த வெங்காயம் போலச் செய்தாள், அதைப் பார்த்து அவளே அழுதாள். பல்லக்கா கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று வாரம் உழைத்தாள்.

தலை முடிந்த அன்று அண்ணி பார்க்க வந்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நல்லா இருக்கு. யாரு இது? பேங்க் மேனேஜரா?"

"அண்ணி, இது நான்."

"நீயா? உன்னை எனக்குப் பதினஞ்சு வருஷமா தெரியும்மா. இந்த அம்மாவை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

ஆசிரியையும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள், மரியாதையாக. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் இறக்கம். சிலையில் இரண்டும் ஒரே மட்டம். அவளுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெற்றுப்பல் உண்டு, உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சிலையில் உதடு கோடு போட்டாற்போல நேர். ஊர் வாயையெல்லாம் நேராக்கிய விரல்கள், கேட்காமலேயே அவளையும் நேராக்கிவிட்டன.

"என் மூஞ்சி எப்படி இருக்குன்னு என் கைக்கே தெரியலண்ணே" என்று வீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்போ அச்சு எடுத்துப் பார்த்துரு. ஊராருக்கெல்லாம் எடுக்கறதில்லையா?"

பல் அளவு எடுக்க மருத்துவர்கள் ஒரு பசையை வாயில் வைப்பார்களே, தண்ணீரில் குழைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் போல உறைந்துவிடுமே, அதில் இரண்டு பை வாங்கி வந்தாள். புதினா வாசனை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையலறையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தாள். பூசும் வேலை அண்ணிக்கு. மூக்குத் துவாரம் இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்று நான்கு தடவை சொல்லியாயிற்று. நேரம் பார்ப்பது அண்ணன், பணிமனைக் கடிகாரத்தோடு.

முகம் முழுக்கப் பசை ஏறியதும் வீடு அமைதியானது. அண்ணனுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. பணிமனையில் ஒலிபெருக்கியில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"பயணிகள் கவனத்துக்கு. அடுக்களையிலிருந்து முகம் வழியாகச் செல்லும் வண்டி புறப்பட இன்னும் ஒரு நிமிடம் ஐம்பது நொடி உள்ளது. மூக்கின் அருகே யாரும் நிற்க வேண்டாம்."

அண்ணி 'க்ளுக்' என்றாள். அந்த 'க்ளுக்'தான் கெடுத்தது. பாயில் கிடந்தவளின் வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம் தோள், அப்புறம் வாயே திறந்துகொண்டது. பசை உள்ளே போயிற்று.

"சிரிக்காதம்மா! உறையப் போகுது!" என்று அண்ணி சிரித்துக்கொண்டே கத்தினாள்.

"இடையில் இறங்க அனுமதி இல்லை" என்றார் அண்ணன்.

உறைந்த பிறகு பிய்த்து எடுத்து, ஐந்து நிமிடம் புதினாவாகத் துப்பினாள். அதற்குள் கூடத்திலிருந்து அழைப்பு. மறுநாள் கல்யாணம் வைத்திருந்த மாப்பிள்ளை கதவில் முட்டி முன்பல்லை உடைத்துக்கொண்டானாம். "கெட்டுப்போன அச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அண்ணன் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது, ஒரு தட்டில் வைத்து அதைப் பெருமையாக நீட்டினார்.

"ஈரமா இருந்துச்சு பாப்பா. ரெண்டு நாள் மாடி வெயில்ல வெச்சு நல்லா காய வெச்சிருக்கேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திருப்பிப் போட்டேன்."

அந்தப் பசையின் குணமே அதுதான். ஈரம் போனால் சுருங்கிவிடும். அதனால்தான் கூடத்தில் அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிடுவார்கள். ஆள் முகத்தில் எடுத்த அச்சு இப்போது உள்ளங்கையில் அடங்கியது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விரல் சும்மா இருக்குமா? ஒரு கரண்டி பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, உறைந்ததும் பிரித்தாள்.

உள்ளே ஒரு குட்டி முகம். வாய் காதுவரை. கண் இரண்டும் இடுங்கி, மூக்கு ஒரு பக்கம் ஏறி, கன்னம் மேலே போய், எல்லாப் பல்லுக்கும் முன்னால் அந்தத் தெற்றுப்பல், ராஜாவைப் போல. பசை வாய்க்குள் போனதால் பல்லின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பதிந்திருந்தன. அந்தப் பசையைக் கண்டுபிடித்ததே அதற்காகத்தானே. மூன்று பேரும் பார்த்தார்கள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார், மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

"இவளைத் தெரியும் எனக்கு!" என்றாள் அண்ணி, மூச்சு வாங்க. "வகுப்பு முடிஞ்சு படியேறி வருவியே, 'அண்ணி இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா'ன்னு, அந்த மூஞ்சி இது. ரெண்டு வருஷமாத்தான் இந்த மூஞ்சி. அதுக்கு முன்னாடி நீ இப்படி இல்லை."

அன்றே ஆசிரியையின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆசிரியை கதவைத் திறந்தாள், பார்த்தாள், வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதேதான் அக்கா. ஆனா அச்சு எடுத்தது செல்லாது. கையால வனைஞ்சிருக்கணும். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குத் தேர்வாளர்கள் வர்றாங்க. நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

திங்கள்கிழமை விடுப்பு எடுத்தாள். வகுப்பறையை அவளுக்காகத் திறந்து வைத்தார்கள். அண்ணனும் அண்ணியும் துணைக்கு வந்தார்கள். பேங்க் மேனேஜரை உடைத்து அதே களிமண்ணில் மறுபடி தொடங்கினாள். குட்டி முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கண் வந்தது, கன்னம் வந்தது, காது இறங்கியது. மத்தியானத்துக்குள் வாய்க்கு வந்துவிட்டாள். தெற்றுப்பல்லை வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பல் நேராக இருந்தது.

எடுத்தாள், கோணலாக வைத்தாள். ஈறைச் சரிசெய்யும்போது கட்டை விரல் தானாகப் போய் ஒரு தட்டு தட்டியது. நேர். மூன்றாவது தடவை அண்ணி பக்கத்தில் நின்று, கட்டை விரல் கிளம்பும்போதெல்லாம் "கையை எடு!" என்று அதட்டினாள். அண்ணி தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் பல் நேராகிவிட்டது.

"நான் வேணும்னு செய்யலண்ணே. அதுவா போகுது" என்றாள், அழாத குறையாக. மணி மூன்றரை. இன்னும் தலைமுடியே வைக்கவில்லை.

அண்ணன் சிறிது நேரம் கட்டை விரலையே சந்தேகமாகப் பார்த்தார். "கூடத்துல கோணல் பல்லே செஞ்சதில்லையா நீ?"

"செஞ்சிருக்கேன். சில பேர், என் பழைய பல்லு மாதிரியே வேணும்னு கேப்பாங்க. டாக்டர் சீட்டுல எழுதி அனுப்பிட்டா செஞ்சுதானே ஆகணும்."

ஒவ்வொரு வேலையோடும் மருத்துவரிடமிருந்து ஒரு சீட்டு வரும். நோயாளி, பல்லின் நிறம், குறிப்பு. அதில் எழுதியிருப்பதை மீறி அவள் ஒரு மெழுகுத் துளியைக்கூட நகர்த்தியதில்லை.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பணிமனைக் குறிப்பேட்டை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார். நோயாளி: பல்லக்கா. வயது: முப்பத்தொன்பது வருடம், பத்து மாதம், பன்னிரண்டு நாள். நிறம்: களிமண். மேல்வரிசை, இடப்பக்கம், மூன்றாம் பல்: உள்ளது உள்ளபடி. திருத்த வேண்டாம். அடியில் கையெழுத்து, நேரம் மூன்று முப்பத்தெட்டு.

"டாக்டர் யாருன்னு கேட்டா?" என்றாள் அண்ணி.

"நான் எழுதினது அவளுக்குப் புரியுது பார். டாக்டர் கையெழுத்தா இருந்தா புரியவா போகுது?"

பல்லக்கா சீட்டைப் பலகையில் குத்தி வைத்தாள். நம்பினால் நம்புங்கள், கட்டை விரல் அடங்கிவிட்டது. பல் கோணலாக நின்றது, ஈறு அதைச் சுற்றிப் படிந்தது, உதடு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. இருட்டுவதற்குள் தலைமுடியும் வைத்து, ஈரத்துணி சுற்றிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் தேர்வாளர்கள் மூன்று பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் தலையிடம் தலையாட்டினார்கள், வெங்காயத்திடம் பெருமூச்சு விட்டார்கள். பல்லக்காவின் தலைமுன் வந்ததும் முதலாமவர் வாய் கோணியது. இரண்டாவது அம்மையார் இருமுவதுபோல நடித்தார். மூன்றாமவர் வெளிப்படையாகவே சிரித்துவிட்டு, "மன்னிக்கணும், இது என்னையும் சிரிக்கச் சொல்லி இழுக்குது" என்றார். நாலேகாலுக்கு வந்து இடம் அவளுக்கென்று சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஐந்து மணிக்குள் பகல் கல்லூரிக்குப் போய், சிலையை ஒப்படைத்துப் பெயரைப் பதிய வேண்டும்.

நான்கு நிறுத்தம் தள்ளி. களிமண் தலை இன்னும் காயவில்லை. மூன்று மாடி இறக்கினார்கள், அண்ணன் முன்னால், அவள் பின்னால், அண்ணி "பார்த்து, பார்த்து" என்று நடுவில். பேருந்தில் ஏற்றி இருக்கையில் வைத்ததும் நடத்துனர் அண்ணனைப் பார்த்துச் சல்யூட் வைத்து, தலையைப் பார்த்துப் பயந்தார்.

"யாரு சார் இது?"

"என் தங்கச்சி. ரெண்டுமே."

இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு நாய் குறுக்கே ஓட, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். தலை முன்னால் சாய்ந்தது. வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கையை நீட்டினார்கள், பிடித்தது அண்ணி. நன்றாகத்தான் பிடித்தாள். அவள் கட்டை விரல் வலது கன்னத்தில் அரை அங்குலம் இறங்கிவிட்டது.

அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். தட்டிச் சரி பண்ணிரு, சீக்கிரம்!"

அவள் அந்தக் குழியைப் பார்த்தாள். தலை முன்னைவிட இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் கையில் சாவியை எடுத்துவிட்டிருந்தார். நான்கு ஐம்பத்தேழு என்றார் அண்ணன், யாரும் கேட்காமலேயே. எழுத்தர் தலையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"சுயசிற்பம்னு போட்டிருக்கு. பல்லு சரி, காது சரி. உங்களுக்குக் கன்னத்துல குழி இல்லையேம்மா?"

"அரை மணி முன்னாடி வரைக்கும் இல்ல சார். எங்க அண்ணி வெச்சது."

எழுத்தர் சிரித்தபடியே முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பின்னாலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"சார், அப்போ அந்த காலேஜ் சீட்டுல ஓரமா ஒரு கால் பங்கு எனக்கும் உண்டான்னு பாருங்க. நான் நின்னுக்கிட்டேகூட படிப்பேன்."