மே மூணு வரைக்கும் கையெழுத்து

கூவப்பாறைக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு விட்ட கையோடு, அச்சாம்மா டீச்சர் குடையைக்கூட எடுக்காமல் கேட்டைத் தாண்டிப் போனாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். முகத்தைப் பார்த்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். இன்றைக்கு யார் தலை உருளப் போகிறதோ என்று கோயில்பிள்ளை குஞ்ஞப்பன் வாய்விட்டே சொன்னார்.

டீச்சர் என்பது பேருக்குத்தான். வார நாட்களில் அவள் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள். தண்ணீர் கலந்து கொண்டுவந்தவனை அங்கேயே நிறுத்தி வைத்து மானத்தை வாங்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் டீச்சர். அந்த ஒரு நாளை இருபத்தேழு வருஷமாக அவள் விட்டதில்லை. மழையோ காய்ச்சலோ, புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப் போகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுடைய பொறுப்பு. பங்கில் முப்பத்தைந்து வயதுக்காரர்கள்வரை முக்கால்வாசிப் பேர் அவளிடம் காது திருகு பட்டு விசுவாசப்பிரமாணம் படித்தவர்கள்தான்.

பிள்ளைகள்மேல் அவளுக்குக் கோபம் வராது. எல்லாக் கோபமும் பெற்றவர்கள்மேல். தையல்கடையில் ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல, பிள்ளையைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போய், பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போகிறார்களே, அதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று வாக்குக் கொடுத்தது யார், நானா நீங்களா என்று பெற்றோர் கூட்டத்தில் நேருக்கு நேர் கேட்பாள். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்து போவார்கள்.

இந்த வருஷம் அவள் பங்குக் குருவான விகாரியச்சனிடம் மல்லுக்கட்டி ஒரு சட்டம் போட வைத்திருந்தாள். நோன்பு தொடங்கின நாளிலிருந்து புதுநன்மைக்கு முந்தின நாளான மே மூன்றாம் தேதிவரை, தினமும் சாயங்காலம் வீட்டில் குடும்பச் செபம் சொல்ல வேண்டும். அப்பனோ அம்மையோ பிள்ளையின் நோட்டில் அந்தந்த நாள் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். செபம் சொல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வருஷம் புதுநன்மை கிடையாது, அடுத்த வருஷம்தான். அதுவரைக்குமான நோட்டைப் பார்த்து, பட்டியலை ஏப்ரல் பதினேழு திங்கட்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு டீச்சர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவள் சொல்வதுதான் முடிவு என்று அச்சன் பலிபீடத்துக்கு முன்னால் நின்றே அறிவித்துவிட்டார்.

இன்றைக்கு ஏப்ரல் பதினாறு. வகுப்பின் பத்தொன்பது நோட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தவள் ஐரின் என்ற பிள்ளையின் நோட்டில் வந்து நின்றுவிட்டாள். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. நேற்று வரைக்கும் இல்லை, மே மூன்று வரைக்கும். ஒரே பேனா, ஒரே சாய்வு. கூப்பிட்டுக் கேட்டபோது பிள்ளை ஒளிக்காமல் சொன்னது, பப்பா ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் போட்டுவிட்டார், அப்புறம் மறந்துபோகும் என்றார் என்று. செபம் சொன்னீர்களா என்றதற்கு, பப்பா வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன் டீச்சர் என்றது.

இறைச்சி தொடாத ஐம்பது நோன்பு முடிந்து, ஈஸ்டருக்கு அடுத்து வந்த முதல் ஞாயிறு அது. இறைச்சிக்கடை வாசலில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. கூவப்பாறையின் அப்பன்மார் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். நடுவில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாத்துக்குட்டி நின்றான். கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவன், ஐரினுடைய அப்பன், அச்சாம்மாவின் முதல் வருஷத்து மாணவன்.

"மாத்துக்குட்டி, இன்னைக்கு என்னடா தேதி?"

"பதினாறு டீச்சரே."

"அப்ப இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலம் நீ எந்த வீட்டுல செபம் சொன்ன?"

நோட்டை விரித்து வரிசைக்கே காட்டினாள். முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாத்துக்குட்டி அசடு வழிய அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தான். வண்டியை விட்டு வீடு வரும்போதே எட்டரையாகிறது, பெண்டாட்டி ஷைனி குவைத்தில் நர்ஸ், ஆறு வருஷத்தில் முதல்முறையாக மகளின் புதுநன்மைக்கென்றே லீவு வாங்கி டிக்கெட் போட்டுவிட்டாள், வெள்ளை கவுன் தைத்தாகிவிட்டது, பேரை மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினான். அந்த இடத்தில் விட்டிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். அச்சாம்மா விட்டாளா? விசுவாசப்பிரமாணத்தைச் சொல் பார்ப்போம் என்றாள், அத்தனை பேருக்கும் முன்னால், அவனுக்கு ஒன்பது வயது என்பதுபோல. அவன் அதில் பாதியில் வருகிற பிலாத்துவின் பெயர்வரை தட்டுத்தடுமாறி வந்து நின்றுவிட்டான். வரிசையில் இருந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பிலாத்து வரைக்கும்கூட வந்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

"உன் பொண்ணுக்கு இந்த வருஷம் கிடையாது. போய் ஷைனிகிட்ட சொல்லு."

மாத்துக்குட்டி மடித்துக் கட்டின கைலியை அவிழ்த்துவிட்டான். அந்த ஊரில் பெரியவர்களுக்கு முன்னால் அப்படி அவிழ்த்துவிடுவது மரியாதை. சொன்னது மரியாதையாக இல்லை.

"எம்பொண்ணை நிறுத்துங்க டீச்சரே. அதுக்கு முன்னாடி உங்க மகன் ஜெரினைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க. பூசை நேரத்துல மதிலுக்கு வெளியே பைக்ல சாஞ்சுக்கிட்டு நிக்கிறானே, எத்தனை மாசமா நிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா? சாயங்காலம் ஏழு மணிக்கு சிலிண்டர் இறக்க எத்தனை தடவை உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். டிவி சத்தம்தான் கேட்டிருக்கேன், செபச் சத்தம் ஒரு நாள் கேட்டதில்ல. நானாவது பொய்க் கையெழுத்துப் போட்டேன். நீங்க அதுகூடப் போடல."

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அச்சாம்மா விரித்த நோட்டோடு வரிசைக்கு முன்னால் நின்றாள். பால் சொசைட்டியில் எத்தனை பேரை அவள் இப்படி நிற்க வைத்திருக்கிறாளோ, அத்தனை பேரும் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் கண்ணில் பட்டதன்மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். கப்பைக்கிழங்கு குழைந்துவிட்டது என்று கணவன் தேவசியாச்சனைத் திட்டினாள். மீன்கறியில் புளி போதவில்லை என்றாள். கேஸ் வண்டிக்காரனுக்கு இவ்வளவு வாயா, நாளைக் காலையில் முதல் வேலையாக அந்தப் பெயரை அடிக்கிறேன் என்று பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகத் தேய்த்தாள். தேவசியாச்சன் சாப்பிட்டுக்கொண்டே, அவன் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தபோது தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க அவள் கட்டிலில் உட்கார்ந்து தனக்கு எதிராகத் தானே வழக்காடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் வீட்டில் இருந்த நாள் எது? ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற வார்டுச் செபம், செவ்வாய்க்கிழமை தாய்மார் சங்கம், புதனில் யாராவது ஒரு சாவு வீட்டில் செபமாலை, சனியில் அடுத்த நாள் பாடத்துக்கு டீச்சர்மார் கூட்டம். ஊரில் யார் வீட்டுச் செபத்துக்கும் அச்சாம்மா டீச்சர்தான் முன்னால் உட்கார வேண்டும். மற்ற நாளில் வீட்டில் இருந்தாலும் நோட்டுத் திருத்துவதும் கேள்வித்தாள் தயாரிப்பதுமாகவே போய்விடும். ஜெரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நீயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள் மகனே என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். மறைக்கல்விப் பரீட்சை வந்தால் மட்டும் அவனை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்லுவாள். அவன் ஒரு தடவைகூட இரண்டாவதாக வந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. வெட்கங்கெட்ட பெருமை. மாத்துக்குட்டியின்மேல் இருந்த கோபம் குறையவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று தன்மேலேயே வந்துவிட்டது.

அன்றைக்கு சாயங்காலம் ஔசேப்பு வீட்டில் வார்டுச் செபம். ஆறே முக்காலுக்கு வார்டுத் தலைவர் போன் செய்து, எல்லாரும் வந்தாகிவிட்டது, டீச்சரைத்தான் காணோம் என்றார்.

"நான் வரல. அந்த வீட்டுல ஔசேப்புன்னு ஒரு அப்பன் இருக்கானே, அவனை முன்னால உக்காந்து சொல்லச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு டிவியை நிறுத்தினாள். சோபாவில் போனோடு படுத்திருந்த இருபத்திமூன்று வயது ஜெரின், அம்மா வெளியே போகவில்லையா என்று ஆச்சரியமாகக் கேட்டான். அவள் திருஇருதயப் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, செபமாலையை எடுத்து, அருள் நிறைந்த மரியே செபத்தின் முன்பாதியைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். பின்பாதியை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலும் அவள் நிறுத்தினால் பத்துக் குரல் வரும்.

இங்கே ஒரு குரல் வந்தது. சோபாவிலிருந்து. ஜெரின் கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல், கட்டைவிரல் மேலும் கீழும் ஓட ஓட, பின்பாதியைக் கடகடவென்று சொல்லி முடித்தான். ஒரு சொல் பிசகவில்லை. அவள் மறுபடி முன்பாதியைச் சொன்னாள். மறுபடி அதே வேகத்தில், அதே சுத்தத்தில் வந்தது. வகுப்பாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள். செபமாலையின் மூன்றாவது மணியில் அவள் மாலையை மடியில் வைத்துவிட்டாள்.

"போனைக் கீழ வைடா."

"சரியாத்தானேம்மா சொல்றேன்?"

"சரியாத்தான் சொல்ற."

"அப்புறம் என்ன? நீங்க இப்படித்தானே கேப்பீங்க."

அவன் குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. தேவசியாச்சன் அடுக்களையிலிருந்து வந்து, முட்டி சொடுக்கச் சொடுக்க அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குப் பாதி மறந்துபோச்சு, நீ மெதுவா சொல்லு என்றார். ஜெரின் போனைப் பையில் போட்டுக்கொண்டு செபமாலையின் பத்து மணிகளும் முடியும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டான். அவள் அவனைக் கூப்பிடவில்லை, கூப்பிட என்ன முகம் இருக்கிறது.

செபம் முடிந்து பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். பத்தொன்பது பெயர். எழுதின கையோடு மாத்துக்குட்டிக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததும், வாய் தவறிப் பேசிவிட்டேன் டீச்சரே என்று ஆரம்பித்தான்.

"அதை விடு. ஐரின் பேரை எழுதிட்டேன். பொய் சொன்னது நீ, அதுக்கு அந்தப் பிள்ளை ஏன் வெளிய நிக்கணும்? ஆனா நோட்டுல மே மூணு வரைக்கும் நீ போட்ட கையெழுத்தை ஒண்ணையும் அழிக்கக் கூடாது. நாளையிலேருந்து அதை உண்மையாக்கு. எட்டரைக்கு வந்தா எட்டரைக்குச் சொல்லு. பிலாத்துக்கு மேல தெரியலைன்னா உம்பொண்ணுகிட்ட கேளு, அவளுக்குத் தெரியும்."

சரி டீச்சரே, சரி டீச்சரே என்று கேட்டுக்கொண்டு வந்தவன் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நீங்க வந்து பாப்பீங்களா?"

"வரமாட்டேன்டா. சாயங்காலத்துல எனக்கு என் வீட்டுல வேலை இருக்கு. இருபத்திமூணு வருஷமா செய்யாம போட்டு வெச்ச வேலை."