ஜெர்மன்காரர் வண்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

வெள்ளிக்கிழமை காலை. ஆக்லாந்துக்குத் தெற்கே, பாபகூராவில் எங்கள் வீட்டு அடுப்படியில் வீட்டுக்காரி சாதத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். எல்லர்ஸ்லிக்கு வேலைக்குக் கிளம்பிய மகள் நின்றபடியே போனைப் பார்த்து, "அப்பா, உங்க ஜெர்மன்காரர் ரிட்டயர் ஆயிட்டாராம்" என்றாள். உடனே ஆங்கிலத்துக்குத் தாவி, இத்தனை வருஷம் கார் பந்தயம் ஓட்டியும் பெரிய பட்டம் ஒன்றுகூட வாங்கவில்லையே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் ரயிலுக்கு ஓடிவிட்டாள். அதனால் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் என் வாயில் அது நுழையவில்லை. சின்ன வயதில் கூரையில்லாத ஒற்றை ஆள் வண்டியில் ஆரம்பித்தாராம். அதில் மேலே ஏற ஆள் பலம் வேண்டும். அவருக்கு இல்லை. சரி போங்கடா என்று டூரிங் காருக்கு வந்துவிட்டார். பார்த்தால் நம் தெருவில் நிற்கிற கார் மாதிரியே இருக்கும். கிட்டே போனால்தான் உள்ளே ஒற்றை சீட்டும் இரும்புக் கூண்டும் தெரியும். அப்புறம் ஸ்போர்ட்ஸ் கார். ஒரே வண்டியை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி மணிக்கணக்காக ஓட்டவேண்டும். தான் இறங்கும்போது அடுத்தவனுக்குத் தேயாத டயரோடு வண்டியைக் கொடுக்கவேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அப்படிக் கொடுத்தவனுக்கென்று தனிக் கோப்பை யாரும் செய்து வைக்கவில்லை. அதைத்தான் ஒன்றும் ஜெயிக்கவில்லை என்கிறார்கள்.

நான் பத்தாவதோடு நின்றவன். நாமக்கல்லில் லாரி டயர் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இங்கே வந்த இரண்டாம் வருஷம், பாபகூராவில் கோவிந்தசாமி அண்ணன் டயர் கடையில் வேலை. ஃபிஜியிலிருந்து வந்தவர், நல்ல மனுஷன். என் விசா அந்தக் கடையின் பேரில்தான் இருந்தது. இப்போது கேள்வி கேட்கிற இந்த மகள் அன்று கைக்குழந்தை. அவளையும் அவள் அம்மாவையும் வரவழைக்கக் காகிதம் போட்டுவிட்டு, தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த காலம்.

அப்போதுதான் ஊருக்குத் தெற்கே இருந்த பந்தயத் தடத்துக்கு ஜெர்மன்காரரின் வண்டி கப்பலில் வந்தது. டயர் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணன் என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு. எங்கள் ஊரில் வழுக்கையாகிப்போன டயரைத் தூக்கி எறிவோம். இவர்கள் புத்தம் புது டயரையே கோடில்லாமல் வழுக்கையாகச் செய்து, போர்வை போர்த்திச் சூடு பண்ணி, குழந்தையைப் போல வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டு ரப்பர் வாசனை ஒரு மாதிரி இனிக்கும். இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

புது இடத்தில் முதல் முதலாக உருளப்போகிற வண்டி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எப்படி விடுவது? எனக்குக் கை வராது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேலியோரம் பெட்டியில் வைக்கிற பழத்தில் நாலு எடுத்துப் போயிருந்தேன். பயிற்சி ஓட்டத்துக்கு வண்டி கிளம்புகிற நேரம், ஆஞ்சநேயரை நினைத்து, நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டேன்.

தப்பு எங்கே நடந்தது தெரியுமா? நாமக்கல் பழம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. பொட்டென்று நசுங்கும், கதை முடிந்தது. ஆக்லாந்துப் பழம் என் முஷ்டி அளவு. உள்ளே சாறு ஒரு டம்ளர். லாரி டயரில் கோடு இருக்கும், சாறு ஒதுங்கிவிடும். வழுக்கை டயரில் எங்கே ஒதுங்கும்? வண்டி வெளியே போய், முதல் வளைவிலேயே வழுக்கி, புல்லில் போய்ப் பசுமாடு மாதிரி நின்றுவிட்டது.

வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் ஜெர்மன்காரரோடு வந்த மேனேஜர் ஆடின ஆட்டம்! டயரிலிருந்து ஒரு விதையை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினான். மத்தியானத்துக்குள் ஒரு காகிதம் அடித்துக் கொண்டுவந்தான். அறிவில்லாத மூடநம்பிக்கையால் இதைச் செய்தேன், மன்னிக்கவும் என்று இருந்தது. கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் உன் கடையில் உன்னை வைக்காதபடி சொல்லிவிடுவேன் என்றான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, போட்டுக் குடுத்துடு. இந்த நாட்டுல எல்லாரும் காலையிலேர்ந்து சாரி சொல்லிட்டேதான் இருக்காங்க. உனக்கு மட்டும் என்ன?"

"சாறுக்கு சாரி சொல்றேண்ணே. ஆயிரம் தடவ சொல்றேன். சாமிக்குச் சொல்ல மாட்டேன்."

"விசா போயிரும்டா!"

"போகட்டும். நாமக்கல்லுலயும் டயர் இருக்குண்ணே."

சொல்லிவிட்டேனே ஒழிய, குழந்தை முகம் கண்ணில் வந்து நின்றது. இருந்தாலும் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த டயர்ப் போர்வைகளை மடிக்க ஆரம்பித்தேன். வேலையைப் பாதியில் விட்டுப் போகக் கூடாதல்லவா.

ஜெர்மன்காரர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்தார். அவருக்கும் கோபம்தான். "டயர்தான் என்னைத் தரையோட சேத்து வச்சிருக்கு. அதுல யாரும் எதையும் வைக்கக் கூடாது" என்றார், எனக்குப் புரிகிற மாதிரி மெதுவான ஆங்கிலத்தில்.

என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: "அதனாலதான் சார் அங்க வச்சேன்."

அவர் மேனேஜரிடமிருந்து காகிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு மேஜைக்காலுக்கு அடியில் சொருகினார். "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல" என்றார். பிறகு, லாரியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வர மாட்டுகிற பழைய சக்கரங்களைக் காட்டினார். "நாளைக்கு அதுக்கு வை. நசுக்கு. அப்புறம் நல்ல சக்கரம் மாட்டு. எலுமிச்சை வேலையும் ஆச்சு, என் வேலையும் ஆச்சு."

மறுநாள் அப்படியே செய்தோம். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அவன் பார்க்கட்டும் என்றே இன்னும் இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கும்பிட்டேன்.

பந்தயம் ஜெயித்ததா என்று கேட்பீர்கள். இல்லை. கடைசி மணி நேரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. மேனேஜர் என்னைப் பார்த்து, "உன் பழம் என்னாச்சு?" என்று இளித்தான்.

"நான் சக்கரத்துக்குத்தான் வச்சேன். கியர்பாக்ஸுக்கு நீங்கதானே பொறுப்பு?"

ஜெர்மன்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டியிலிருந்து அவர் தன் இரண்டு காலால் நடந்து வந்திருந்தார். எனக்கு அது போதும்.

அண்ணன் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. "திமிரு புடிச்சவனே" என்று ஒரு வாரம் கூப்பிட்டார், அவ்வளவுதான். இப்போது அவர் பிரிஸ்பேனில் மகனோடு இருக்கிறார். டயர் கடை இருந்த இடத்தில் காபி விற்கிறார்கள். பந்தயத் தடத்தில் கார்கள் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வழியே போனால் அந்த ரப்பர் வாசனைக்காகக் கார்க் கண்ணாடியை இறக்குவேன், வெறும் காற்றுதான் வருகிறது. அந்த மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறானோ. கையெழுத்துக் கேட்டவனும் இல்லை, போடச் சொன்ன கடையும் இல்லை, காகிதமும் இல்லை. யாராவது தேடி எடுத்து இன்றைக்கு என் முன்னால் நீட்டினாலும் சரி, சாறு சிந்தியதற்கு சாரி என்று ஒரு வரி இருந்தால் அதற்கு மட்டும்தான் கையெழுத்து, மூடநம்பிக்கை என்ற வரிக்கு இல்லை.