பாஷ்யம் மிச்சம் வைத்த காட்சி

முப்பது ஆண்டுகள் வேலை செய்த இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒருவருக்கு அடையாளம் தெரியுமா? பாஷ்யத்தை அறியாதிருந்தால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் பயனில்லை. இப்படிப்பட்ட கேள்விகளைத் தத்துவப் புத்தகத்தில் கண்டால் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு மூடிவைத்துவிடுகிற ஆள் நான். பாஷ்யம் அதை ஒரு மலைமேல் தூக்கிக்கொண்டு போனார், புளியோதரையுடன்.

அவர் அணுமின் நிலையத்தின் கணக்குப் பிரிவில் இருந்தார். நான் கருவிகள் பிரிவு. அணுபுரம் குடியிருப்பில் அவர் மாடியில், நான் கீழே. அவரைப் புகழ எனக்கு அவசரமில்லை. மனிதர் கஞ்சர், எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவர். காலையில் வந்த பேப்பரை மாலையில்தான் பிரிப்பார். கல்யாண வீட்டில் ஜாங்கிரியை இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, மோர் சாதம் முடிந்த பிறகுதான் தொடுவார். ஒருமுறை புதுப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில், பின்னால் நின்றவரிடம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தபோது இலையை எடுத்துவிட்டார்கள். ஜாங்கிரி போயிற்று. அதற்குப் பிறகும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் யாருக்கும் சொந்த ஊர் அதுவல்ல. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்விடுவார்கள். அதனால் தொண்ணூறாம் ஆண்டுவாக்கில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஓய்வு பெறப்போகிறவரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அழைத்துப்போவோம். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற குன்று. படியோ கோயிலோ கிடையாது. முள்செடிகளுக்கு இடையே ஆடு போகிற தடத்தில் ஏறினால் உச்சியில் தட்டையான ஒரு பாறை வரும். அதில் நின்றால் மேற்கே ஏரி, கிழக்கே வயலும் பனைமரங்களும், அதற்கப்பால் கோடு போட்டாற்போலக் கடல். கடலுக்கு முன்னால் பனைகளுக்கு மேலே வெள்ளையாக ஒரு குவிமாடம் தெரியும். அதுதான் எங்கள் அணு உலையின் கூரை. ஓய்வு பெறுகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். அவர் உலையைப் பார்த்து டாட்டா காட்டுவார். மகள் கல்யாணத்திலேயே கண் கலங்காத டர்பைன் பிரிவு பன்னீர்செல்வம் அங்கே நின்று விக்கி விக்கி அழுதார்.

எல்லா ஏற்பாடும் பாஷ்யம்தான். வேன் பேசுவது, பொன்னாடை வாங்குவது, மனைவி கோமளத்தைக் கொண்டு புளியோதரை கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் உச்சிக்கு மட்டும் வரமாட்டார். கடைசித் திருப்பத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அங்கே குரங்குகள் அதிகம். கையில் ஒரு குச்சியோடு பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவார்.

"வாங்க சார், இன்னும் பத்தடிதான். மூட்டையப் பாத்துகினே வாழ்க்கைய முடிச்சிடாத" என்பான் சின்னராசு. புதுப்பட்டினத்துக்காரன், ஃபிட்டர், வாய் நீளம்.

"என் முறை வரட்டும்டா. அன்னிக்கு ஒரே தடவையா, முழுசா பாத்துக்கறேன்" என்பார் பாஷ்யம்.

நான் நாலடிக்கு ஒருதரம் மூச்சு வாங்கி, பையில் ஒருநாளும் திறக்காத ஒரு தத்துவப் புத்தகத்தையும் சுமந்துகொண்டு உச்சிக்குப் போவேன். பாறையில் நின்று நிலையாமை பற்றி ஏதாவது சொல்வேன். சின்னராசு உடனே, "சார் ஆரம்பிச்சிட்டாரு, எல்லாரும் எறங்கலாம்" என்பான்.

தொண்ணூற்றெட்டில் ஓய்வு வயதை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக்கினார்கள். குடியிருப்பே இனிப்பு வாங்கியது. பாஷ்யம் மட்டும் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் தள்ளிப்போயிடுத்தே, ஓய்" என்றார். சம்பளத்தைச் சொல்லவில்லை, மலையைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஒருநாள் கேட்டேன். அப்படி என்ன இருக்கிறது அதில்?

"தினமும் பஸ்ல ஏறி, கேட்ல அடையாள அட்டை காட்டி, உள்ள போய் ஃபைலோட உக்காந்துக்கறேன். உலை எந்தப் பக்கம் இருக்குன்னுகூட என் ஜன்னல்லேர்ந்து தெரியாது. நான் எதுக்குள்ள இருந்தேன்னு ஒருதரம் வெளியில நின்னு பாக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

இதைவிடத் தெளிவாக நான் படித்த புத்தகங்கள் சொன்னதில்லை. இருந்தாலும் அப்போது நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பார்ப்பவன் வேறு, பார்க்கப்படுவது வேறு" என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவர் முறை இரண்டாயிரத்து நான்கு பிப்ரவரியில் வந்தது. அன்று வேப்பமரத்தடியில் காவலுக்கு வேறொருவரை உட்காரவைத்தோம். பாஷ்யம் புது வேட்டி கட்டியிருந்தார். கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. மகள் அதிதி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது.

எங்கள் கூட்டத்தில் யாரும் அதுவரை பைனாகுலரோ கேமராவோ மலைக்குக் கொண்டுவந்ததில்லை. நிலையத்தின் பக்கம் அவற்றைக் கொண்டுபோகக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிப்போன விதி. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மலைமேல் நின்றாலும் கை தானாகவே கூசும்.

"இன்னா சார், பைனாகுலரா? புடிச்சி உள்ள வெச்சிடப் போறாங்க" என்றான் சின்னராசு.

"நாளைலேர்ந்து நான் வெளி ஆள். என்னை யார் என்ன பண்றது?" என்றார் பாஷ்யம்.

பாறைமேல் ஏறினார். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சின்னராசு கை நீட்டி, "அதோ, ரெண்டு பனைக்கு நடுவுல, வெள்ளையா கீது பாரு, நம்ம உலை. நான் பொறந்ததே அதுக்குப் பக்கத்துலதான், எனுக்குத் தெரியாதா" என்றான். பாஷ்யம் முதலில் வெறுங்கண்ணால் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு பைனாகுலரை வைத்துப் பார்த்தார். திருகைத் திருகினார். மறுபடியும் திருகினார். பிறகு கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார்.

நானும் பார்த்தேன். எங்கள் அணு உலைக்குக் கால்கள் இருந்தன. ஆறோ எட்டோ சிமெண்டுத் தூண்கள். பக்கவாட்டில் வளைந்து ஏறும் இரும்பு ஏணி. ஏணிக் கம்பியில் ஒரு சிவப்புப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு ஊராட்சியின் குடிநீர்த் தொட்டி. எங்கள் நிலையம் எங்கே என்று தேடினேன். தெற்கே அடுத்த குன்றின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாறையிலிருந்து அது தெரியவே தெரியாது.

முதன்முதலில் அதை உலை என்று சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு அழுத்தமானியைச் சரிபார்க்க மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடப் பாறையில் நின்று திசை பார்க்கவில்லை. பன்னீர்செல்வம் விக்கி விக்கி அழுதது தண்ணீர்த் தொட்டிக்கு. நான் அதை முன்னால் வைத்துக்கொண்டு நிலையாமை பேசியிருக்கிறேன், பல வருடங்களாக, உணர்ச்சியோடு.

"என்ட்ட குடு சார், நானும் பாக்கறேன்" என்று சின்னராசு கை நீட்டினான். அவனுக்கு அடுத்த வருடம் ஓய்வு.

பாஷ்யம் என் கையிலிருந்து பைனாகுலரை வாங்கி உறையில் போட்டு மூடினார். "லென்ஸ்ல பனி படிஞ்சிருக்கு. வெறுங்கண்ணுக்கே நன்னாத்தான் தெரியறது."

பொன்னாடை போர்த்தினோம். கை தட்டினோம். டாட்டாவுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த ஒரு காட்சியைப் பதினான்கு வருடம் தொடாமல் வைத்திருந்தவர் இப்போது என்ன செய்வார்? அவர் வாய் திறந்து உண்மையைச் சொன்னால் சின்னராசு அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்தபிறகு, தனக்கென்று வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வான்.

பாஷ்யம் கையைத் தூக்கினார். மெதுவாக, நீண்ட நேரம் அசைத்தார்.

இறங்கும்போது அவரைத் தனியாகப் பிடித்து, "பாஷ்யம்..." என்றேன்.

"புளியோதரை குரங்குக்குப் போறதுக்கு முன்னாடி வாரும், ஓய்" என்று முன்னால் நடந்தார்.

திருப்போரூரில் அவருக்குச் சொந்த வீடு தயாராக இருந்தது. கோயிலுக்குப் பக்கம், பஸ் நிற்கும் இடம், கோமளம் பார்த்துப் பார்த்துக் கட்டியது. சித்திரையில் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு சின்ன ஊரில் வீடு பிடித்துக் குடிபோனார். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். டாட்டா காட்டியவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்கக்கூடும்.

அடுத்த வருடம் தேடிக்கொண்டு போனேன். தெருமுனையில் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைக் குவிமாடம், தூண்கள், வளைந்த ஏணி. வீடு அதன் நிழலிலேயே இருந்தது.

"தொட்டிக்குக் கீழயே குடியிருக்கோம், வாரத்துல ரெண்டு நாள்தான் தண்ணி வரது. திருப்போரூர் வீட்டை விட்டுட்டு ஏன் இங்கன்னு இவர்ட்ட நீங்களாவது கேளுங்கோ" என்றார் கோமளம்.

கேட்டேன். புத்தகங்களை வைத்து மூன்று விளக்கம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றையும் சொன்னேன். பாஷ்யம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காபி ஆறறது" என்றார்.

மொட்டை மாடிக்கு அழைத்துப்போனார். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேற்குப் பார்த்துப் போட்டிருந்தது. வயல்களுக்கு அப்பால் எங்கள் குன்று பழுப்பாகத் தெரிந்தது. கைப்பிடிச் சுவர்மேல் பைனாகுலர் உறை கிடந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை சின்னராசுவோட முறை. வேன் பேசியாச்சு. நீங்க இல்லாம எப்படி?" என்றேன்.

"நான் வரலை" என்றார் பாஷ்யம். "அன்னிக்கு அவன் டாட்டா காட்டறச்சே நான் இங்க இருக்கணும்."