தேவதூதனின் கண்ணில் சுவிங்கம்

மூன்று வருடங்களாக அந்தக் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகும் வழியில், கைபேசிக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவே ஒடுங்கிய மரக்கதவு. அதற்குப் பின்னால் மறுமலர்ச்சிக் காலக் கிறிஸ்தவச் சிற்றாலயம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை மதிய இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காகக் கதவைத் தள்ளினேன்.

முதலில் கண்ணில் பட்டது அழகுதான். வெள்ளைக் கல் வளைவுகள், மண்டியிட்டுக் கும்பிடும் பளிங்குத் தம்பதி. அடுத்த மூச்சில் மூத்திர நாற்றம். பளிங்குப் பெண்ணின் கூப்பிய கைகளுக்குள் பாதி தின்ற கெபாப்பை யாரோ செருகியிருந்தார்கள். வெள்ளைச் சோஸ் அவள் மணிக்கட்டில் வழிந்து காய்ந்திருந்தது. தூணடியில் நின்ற குழந்தைத் தேவதூதனின் இரண்டு கண்களிலும் சுவிங்கம்.

மூலையில் ஒரு பெண் குந்தியிருந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு நிமிர்ந்தார்.

"தமிழோ பிள்ளை? கிட்ட வராதை, மணக்குது."

"ஒவ்வொரு நாளும் இப்பிடியோ அக்கா?"

"சனி, ஞாயிறு கழிஞ்சால் இதுதான். குடிச்சுப்போட்டு உள்ளுக்க வந்து பெய்யிறாங்கள். கம்பிக்கதவு போடச் சொல்லி நிர்வாகத்திட்டைக் கேட்டுப் பாத்தன். எல்லாருக்கும் திறந்திருக்க வேணுமாம்."

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவரிடம் சுரண்டியை வாங்கித் தேவதூதனின் கண்களைச் சுரண்டினேன். அப்போது ஒரு தம்பதி படமெடுக்க உள்ளே வந்தது. மனைவி மூக்கைப் பொத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இந்த ஆட்கள் வந்த பிறகு எல்லா இடமும் நாறுகிறது," என்று ஜேர்மன் மொழியில் கணவனிடம் சொன்னாள். அவன் தலையாட்டியபடி, வாயிலிருந்த சுவிங்கத்தை எடுத்து, உட்காரும் மர வாங்கின் அடியில் ஒட்டினான்.

"அதை எடுங்கள்," என்றேன், ஜேர்மனிலேயே.

"அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

நானே எடுத்தேன். அவசரத்தில் விரலால் தொட்டுவிட்டேன். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே ஓடிப் போய் வடிகாலில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்ததும் அக்கா என் கைகளுக்குச் சவர்க்காரம் தந்தார்.

"நீங்கள் கேட்டதை நான் ஜேர்மனிலை எழுதித் தாறன் அக்கா," என்றேன்.

கெபாப், மூத்திரம், சுவிங்கம் என்று ஒன்றும் விடாமல், படங்களோடு நிர்வாகத்துக்கு எழுதினோம். சில வாரங்களில் கம்பிக்கதவு வந்தது. இப்போது எல்லோரும் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். கடவுளின் வீட்டைப் பூட்டுவது பாவம் என்று என் கடைக்கு வந்த ஒருவர் வருத்தப்பட்டார். எனக்குத் துளியும் வருத்தமில்லை.