அவரைப் பற்றி நான் எழுதிய கடிதம்

என் கணவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது வயது அறுபத்தேழு. ஜெர்மனியில் பதினொரு வருடம், பிறகு லண்டனில் இருபது வருடம், மற்றவர்களின் குளியலறைகளுக்கும் குசினிகளுக்கும் டைல்ஸ் பதித்தவர். முழங்காலில் நின்றே உழைத்த மனிதர் என்பதால், நடை குறுகியபோது முழங்கால்தான் போய்விட்டது என்று இரண்டு பேரும் நினைத்தோம். டாக்டர் பார்க்கின்சன் என்றார்.

அந்த வருத்தம் வந்தவர்களை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. விழுங்கின மருந்துக் குளிசை வேலை செய்கிற நேரத்தில் மனிதர் நடப்பார். அது இறங்கியதும் கால் நிலத்தோடு ஒட்டிவிடும். வாசற்படி, பாதையோரக் கல், லிப்ட் கதவு, இப்படி ஒன்றைக் கடக்கவேண்டிய இடத்தில்தான் கூடுதலாக அப்படி நடக்கும். தள்ளினால் விழுவார். அதுவாக விடும்வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

நோர்பரியில் எங்கள் வீடு. ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் அங்கே கார் விட இடம் கிடைக்காது; சுற்றியுள்ள தெருக்களெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஒருநாள் அவரை வாசலில் இறக்கிவிட்டு, "உள்ளுக்கை போய் இருங்கோ, நான் காரை விட்டிட்டு வாறன்" என்று சொல்லிப் போனேன். திரும்பிவர அரை மணித்தியாலமாயிற்று. அவர் உள்ளே போயிருக்கவில்லை. தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கதவு மூட வரும், அவரைக் கண்டு திரும்பத் திறக்கும், திரும்ப மூட வரும். சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. காற்சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

நான் என் கோட்டைக் கழற்றி அவருக்கு முன்னால் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லாதையும். பிள்ளையளுக்கும் சொல்லாதையும்."

"சொல்லமாட்டன்" என்றேன்.

நடந்ததைச் சொல்லாமலே, வாசலுக்குக் கிட்டக் கார் விட ஏதாவது வழியிருக்கிறதா என்று அங்கிருந்த நேர்ஸிடம் கேட்டேன். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வாசலுக்குக் கிட்டக் கார் விடக் கவுன்சில் கொடுக்கிற புளூ பாட்ஜ் அட்டைக்கு விண்ணப்பம் போடச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நானே நிரப்பினேன். எங்களுக்கு அது தானாகக் கிடைக்கிற வகை இல்லையாம்; நேரில் வரச்சொல்லி நடையைப் பார்த்துத்தான் கவுன்சில் முடிவெடுக்கும் என்று கடிதம் வந்தது.

வரச்சொன்ன அன்று காலை அவர் எனக்கு முன்னமே எழும்பிவிட்டார். தானே சவரம் செய்தார். கன்னத்தில் இரண்டு வெட்டு. மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட் சூட்டை எடுத்து, பொத்தான் பூட்ட மட்டும் என்னைக் கூப்பிட்டார். எதற்கு இந்த உடுப்பு என்று கேட்டேன். "கவுன்சில் கந்தோருக்குப் போறம். பிச்சையெடுக்கவே போறம்?" என்றார்.

பன்னிரண்டு மணிக் குளிசையைப் பத்தரைக்கே விழுங்கியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நடையைப் பார்க்க வந்தவள் மரியாதையான பெண். நீளமான நடைபாதை ஒன்றைக் காட்டி, முடிவுவரை நடந்து திரும்பி வரச்சொன்னாள். அவர் நடந்தார். முதுகை நிமிர்த்தி, கையை வீசி, திரும்புகிற இடத்திலும் தடக்காமல் நடந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அப்படி நடந்து பார்க்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிமிடம் எனக்கும் சந்தோசமாக இருந்தது.

"வீட்டிலும் இப்படித்தானா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எந்த நாளும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் தலையைத் திருப்பாமல் தமிழில் சொன்னார்: "நீர் பேசாமல் இரும்."

பேசாமல் இருந்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்க முடியவில்லை. காருக்குள் ஏறியதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கத்தினேன்.

"நடக்கச் சொன்னாள், நடந்தன். நடக்கிறது குற்றமோ?"

வீட்டு வாசலுக்கு வந்து சேரக் குளிசை இறங்கிவிட்டது. அவரால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. தூறல். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. கோட் சூட் நனையாமல் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணித்தியாலம் அப்படியே.

மூன்று கிழமையில் கவுன்சிலின் பதில் வந்தது. நடப்பதில் அவருக்குப் பெரிய சிரமம் காணப்படவில்லை, ஆகவே இல்லை. மறுபடி பரிசீலிக்க வேண்டுமென்றால் காரணங்களை எழுத்தில் தரலாம்.

எழுதினேன். அவர் தூங்குகிற ஒரு பின்னேரத்தில் குசினி மேசையிலிருந்து எழுதினேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவளுக்கு என்ன பெரிய ஆங்கிலம் வரும்? ஆனால் அன்றைக்கு வந்தது. படுக்கையில் திரும்பிப் படுக்க நான் வேண்டும் என்று எழுதினேன். பூசையில் நற்கருணை வாங்க எழும்பிப்போனவர் பாதி வழியில் நின்றுவிட, பின்னால் வந்த வரிசை முழுக்க நின்றதை எழுதினேன். அன்று குளிசையை முந்திப் போட்டதையும் எழுதினேன். அவ்வளவும் எழுதி வாசித்துப் பார்த்தபோது, அதெல்லாம் போதாது என்று பட்டது. இதையும் ஒருத்தி வாசித்துவிட்டு இல்லையென்பாள். அதனால் கண்ணாடிக் கதவையும் எழுதினேன். நனைந்த காற்சட்டையையும் எழுதினேன்.

திரும்ப வரச்சொன்னார்கள். அதே பெண். இந்த முறை நடக்கச் சொல்லவில்லை. முன்னால் என் கடிதத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவரிடமே கேட்டாள். கடிதம் அவளுடைய கோப்புக்குள் மட்டும் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மடைச்சி.

"ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோய், சிறுநீரை அடக்க முடியாமல் போனதாக உங்கள் மனைவி எழுதியிருக்கிறா. அது சரியா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். குரலைத் தாழ்த்திக்கூடக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பிழையான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆள்போலப் பார்த்தார்.

"ஓம், சரி" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் திருத்தினார். "சரிதான். என் மனைவிக்கு எல்லாம் தெரியும்."

பாட்ஜ் வந்தது. வாசலில் நிறுத்தினேன், இறக்கினேன், ஏற்றினேன். கால் விறைத்தாலும் நான் பக்கத்தில் நின்றேன். கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் அந்த நாளிலிருந்து அவர் என்னை "நீர்" என்று சொல்வதை விட்டுவிட்டார். கோபித்தவர்கள் "நீ" என்பார்கள், அதுவும் இல்லை. "தண்ணி வேணும்." "லைற்றை நிப்பாட்டவேணும்." ஆளில்லாத வசனங்கள். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஓட்டலில் ஓடர் சொல்வதுபோல.

ஒரு ஞாயிறு கோயில் வாசலில், எங்கள் பங்கிலே உள்ள ஒருவர் கார்க் கண்ணாடிக்குள் கிடந்த பாட்ஜைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணைக்கு வாழ்வுதான். வாசலிலேயே பார்க்கிங். நாங்களும் ஒண்டு எடுக்கவேணும், எப்பிடி எடுத்தனீங்கள்?"

"மனிசியைக் கேளும்" என்றார் என் கணவர்.

பாட்ஜ் மூன்று வருடத்துக்குத்தான். முடியுமுன்னே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருத்தம் மாறாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அது கவுன்சிலிடம் முன்பே இருந்தது. இருந்தும் அதே கேள்விகள், அதே வெற்றுப் பெட்டிகள். போன தடவையிலிருந்து நிலைமையில் மாற்றம் உண்டா? இதற்குள் அவர் பாதிநாள் சக்கர நாற்காலியில். சொல்லும் குழறத் தொடங்கியிருந்தது.

அந்தமுறை ஒளித்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"எழுதும்" என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு, "நீர்" என்பது உள்ளே இருக்க, எனக்கென்று வந்த சொல்.

"சாப்பிடேக்கை சட்டையிலை கொட்டுறார். எழுதினீரோ?" என்றார், தன்னையே வேறு யாரோபோல வைத்து.

"ஓம்."

"இரவிலை குழந்தைப்பிள்ளைக்குக் கட்டிறமாதிரி நப்பி கட்டவேணும். மனிசிதான் கட்டுறது."

"இஞ்சருங்கோ, இவ்வளவும் தேவையில்லை. பாட்ஜுக்கு நடைதான்."

"இல்லை. எல்லாம் எழுதும். முந்தி ஒருக்கா வடிவா எழுதினனீர்தானே."

எழுதினேன். பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோய் "தம்பி" என்று சமாளிப்பதைச் சொன்னார். குளிக்க வார்க்கும்போது கதவை மூடச்சொல்லி அழுவதைச் சொன்னார். நடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிந்ததையும் தெரியாமல் அவர் வைத்திருந்ததையும், கவுன்சிலுக்கென்று, என் கையாலேயே எழுதுவித்தார். நான் அழுதேன். அவர் நிறுத்தவில்லை. முடிந்ததும் அனுப்பச் சொன்னார். கவுன்சிலுக்குத் தேவையானதை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிட்டு அனுப்பலாம் என்று யோசித்தேன். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே அனுப்பினேன்.

யாரும் வரச்சொல்லவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் புதிய பாட்ஜ் தபாலில் வந்தது. அத்தனையையும் ஒரு ஆள் வாசித்ததோ, வாசிக்காமலே பொத்தானை அமத்திவிட்டதோ, எனக்குத் தெரியாது.

இன்னொரு தடவை எழுதவேண்டி வந்தாலும் அந்த முதற் கடிதத்தை அப்படியேதான் எழுதுவேன் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லவில்லை. உண்மை அதுதான் என்பதற்காகச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். பிறகு ரீவியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.